அல்சேஷன்: ஆட்டு மந்தையிலிருந்து தாமான் வீட்டுக்கு

கெடா தோட்டங்களில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு நாய் இரண்டே வகைதான். ஒன்று லயத்து நாய். மணி என்றோ டைகர் என்றோ ஒரு பெயர் இருக்கும். எந்த வீட்டில் மிச்சச் சோறு போட்டாலும் தின்னும். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்களோடு நிரை வரைக்கும் போய்விட்டுத் திரும்பும். இன்னொன்று துரை பங்களாவின் அல்சேஷன். அதற்குத் தனிக் கூண்டு, தனிச் சாப்பாடு. பங்களாவுக்குப் பால் கொண்டுபோகிற பையன்கள் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, "ஆயா, நாயக் கட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள்.

துரைமார் போய்விட்டார்கள். பல தோட்டங்களும் போய்விட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் தாமான் வந்தது. சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் என எந்தப் பக்கம் போனாலும் வரிசை வீடுகள். அந்த வீடுகளின் இரும்புக் கதவுக்குப் பின்னால், கார் நிறுத்துகிற இடத்தில், சங்கிலியின் நுனியில் அதே அல்சேஷன் நிற்கிறது. அன்று துரையின் அடையாளமாக இருந்தது, இன்று நம் பிள்ளைகள் முதல் சம்பளம் வாங்கியதும் ஆசைப்பட்டு வாங்கும் நாயாகிவிட்டது. ஓரிரு வருடம் கழித்து, "ரொம்ப முரட்டுத்தனமா இருக்கு, யாராவது எடுத்துக்குறீங்களா?" என்று வாட்ஸ்அப் குழுக்களில் அதன் படம் வருகிறது.

எனக்குத் தெரிந்தவரை, அப்படிக் கைமாறும் நாய்களில் பெரும்பாலானவற்றிடம் குறை எதுவும் இல்லை. அது என்ன நாய், என்ன வேலைக்காக உருவானது என்பது வாங்கியவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். காவல் நாய் என்று நினைத்து வாங்குகிறோம். அது ஒரு மேய்ப்பு நாய்.

பெயரில் ஒரு போர்

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். ‘அல்சேஷன்’ என்பதே முதல் உலகப் போர் விட்டுச்சென்ற பெயர். அந்தப் போரின்போது பிரிட்டனில் ஜெர்மன் என்ற சொல்லே வெறுப்புக்குரியதாக இருந்தது. அரச குடும்பமே 1917ல் தன் ஜெர்மன் குடும்பப் பெயரை விட்டுவிட்டு ‘வின்ட்ஸர்’ என்று மாற்றிக்கொண்டது. போர்முனையில் இந்த நாய்களைப் பார்த்து வியந்த சிப்பாய்கள் சிலவற்றை ஊருக்குக் கொண்டுவந்தபோது, ‘ஜெர்மன்’ என்ற பெயரோடு பதிவு செய்ய யாருக்கும் மனமில்லை. பிரான்சும் ஜெர்மனியும் மாறி மாறி உரிமை கொண்டாடிய எல்லைப் பகுதி அல்சாஸ். அதன் பெயரைச் சூட்டி, 1919ல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் இதை ‘அல்சேஷன் ஓநாய் நாய்’ என்று பதிந்தது. ஓநாய் என்றால் மக்கள் பயப்படுகிறார்கள் என்று பிறகு அந்த ஒட்டை மட்டும் எடுத்துவிட்டார்கள். 1977ல்தான் ‘ஜெர்மன் ஷெப்பர்ட்’ என்ற பழைய பெயருக்கு அங்கே திரும்பினார்கள்.

மலாயாவுக்கு வந்த துரைமார் வெள்ளைக்காரர்கள். அவர்கள் வாயில் இருந்த பெயர் நம் வாயிலும் ஒட்டிக்கொண்டது. அதில் தவறில்லை. ஆனால் அந்தப் பெயர்மாற்றத்தில் ஒரு செய்தி காணாமல் போனது. ஷெப்பர்ட் என்றால் மேய்ப்பர். ஜெர்மன் மொழியிலும் இதன் பெயருக்கு மேய்ப்பரின் நாய் என்றுதான் பொருள்.

வேலி இல்லாத வயல்

நம் தாத்தா பாட்டிமார் விட்டுவந்த தமிழ்நாட்டில் ‘கிடை போடுவது’ என்று ஒரு வழக்கம் உண்டு. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் நூற்றுக்கணக்கான செம்மறிகளை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போவார்கள். அறுவடை முடிந்த வயலில் இரவு ஆடுகளை அடைப்பார்கள். புழுக்கை வயலுக்கு உரம். நிலக்காரர் அதற்கு நெல்லோ பணமோ கொடுப்பார். ஜெர்மனியிலும் மேய்ப்பர்களின் பிழைப்பு பெரும்பாலும் இதேதான். வெயில் மட்டும் குறைவு.

இப்படிப்பட்ட மேய்ச்சலில் பெரிய தலைவலி ஒன்று உண்டு. ஒரு வயல் அறுவடை முடிந்து காலியாக இருக்கும். ஒட்டினாற்போல் அடுத்த வயலில் பயிர் நிற்கும். இடையில் வேலி இருக்காது. ஏர் ஓட்டிய சால் ஒன்றுதான் எல்லை. முந்நூறு ஆடு இந்தப் பக்கம் மேய வேண்டும், ஒரு ஆடுகூட அந்தச் சாலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சண்டை, தண்டம். தமிழ்நாட்டில் இந்த எல்லையைப் பெரும்பாலும் மனிதனின் கோலும் குரலும் காத்தன. நாய்க்கு வேலை இரவுக் காவலில். ஜெர்மானியர்கள் பகல் வேலையையும் நாயிடம் ஒப்படைத்தார்கள்.

அந்த நாய் மந்தையைத் துரத்தாது. எல்லைச் சாலின் மேலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக, அவசரம் இல்லாத ஓட்டத்தில், காலையிலிருந்து மாலை வரை போய்வந்துகொண்டே இருக்கும். அதுவே உயிருள்ள வேலி. பயிரை நோக்கித் தலை நீட்டுகிற ஆடு, நாய் நெருங்கியதும் தலையை இழுத்துக்கொள்ளும். பிடிவாதம் பிடிக்கிற ஆட்டை மட்டும் நாய் கவ்வும். அதற்கும் இடம் உண்டு: கழுத்து, முதுகு, தொடை. அங்கேயும் அழுத்திப் பிடித்து விட்டுவிட வேண்டும். தோல் கிழிந்தால் அந்த நாய்க்கு வேலை இல்லை. இந்தப் பழக்கத்தைச் சோதிக்கும் மேய்ப்புத் தேர்வுகள் ஜெர்மனியில் இன்றும் நடக்கின்றன.

இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் தாமான் நாயைப் பாருங்கள். முன்கதவை ஒட்டி இடமும் வலமுமாக ஓயாமல் நடந்து, சிமெண்ட் தரையிலேயே ஒரு தடம் போட்டு வைத்திருக்கும். ‘பைத்தியம் பிடித்ததுபோல் நடக்கிறது’ என்கிறோம். அது தன் சாலைக் காத்துக்கொண்டிருக்கிறது.

எல்லா மேய்ப்பு நாயும் இப்படி வேலை செய்வதில்லை. யூடியூபில் நாம் ரசித்துப் பார்க்கும் கறுப்பு வெள்ளை பார்டர் கோலி, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பகுதி மலைகளுக்கானது. அங்கே ஆடுகள் மலைமேல் சிதறிக் கிடக்கும். நாய் சுற்றி வளைத்துத் திரட்டி மேய்ப்பரிடம் கொண்டுவர வேண்டும். பதுங்கி, கண்ணால் முறைத்தே ஆட்டை நகர்த்தும். 1893ல் பிறந்த ‘ஓல்ட் ஹெம்ப்’ என்ற ஒரே நாயின் வழியில்தான் இன்றைய பார்டர் கோலிகள் எல்லாம் வருகின்றன என்பார்கள். கோலி மந்தையைக் கொண்டுவரும்; ஷெப்பர்ட் மந்தையின் ஓரத்தைக் காக்கும். இரண்டுக்கும் குணம் வேறு, உடல் வேறு. நாள் முழுக்கச் சளைக்காமல் நடையோட்டம் போட வேண்டும் என்பதால்தான் ஷெப்பர்டின் உடல் உயரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

குதிரைப்படை கேப்டனின் நாய்

இத்தனை நல்ல வேலைக்கார நாய்க்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேலை போய்விட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து மலிவான கம்பளி வந்து குவிந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. ஜெர்மனியின் ஆட்டு எண்ணிக்கை நாற்பதே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. ரப்பர் விலை விழுந்தபோதும், தோட்டம் விற்கப்பட்டபோதும் நம்மவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தலைமுறை தலைமுறையாக ஒரே வேலைக்குப் பழகிய கை, ஒரு நாள் காலையில் வெறுங்கையாகிவிடும்.

மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை கேப்டன் இந்தச் சமயத்தில்தான் வருகிறார். படைப் பயிற்சிக்காகக் கிராமப்புறங்களில் திரிந்தபோது மேய்ப்பர்களின் நாய்களைக் கவனித்துச் சொக்கிப்போனவர். ஊருக்கு ஊர் அந்த நாய்களின் தோற்றம் வேறு வேறாக இருந்தது. துரிங்கியாப் பக்கத்து நாய்க்கு நிமிர்ந்த காதும் ஓநாய் நிறமும். வூர்ட்டம்பெர்க் நாய்க்குப் பெரிய உடலும் நல்ல நடையும். 1899 ஏப்ரல் 3 அன்று கார்ல்ஸ்ரூஹ நகரில் நடந்த ஒரு நாய்க் கண்காட்சியில் ஹெக்டர் என்ற நாயைப் பார்த்து, அங்கேயே விலை பேசி வாங்கினார். ஹொராண்ட் என்று புதுப் பெயர் வைத்தார். அதே மாதம் 22ஆம் தேதி ஜெர்மன் ஷெப்பர்ட் சங்கம் தொடங்கப்பட்டது. பதிவேட்டில் முதல் எண் ஹொராண்டுக்கு. இன்று சுங்கைப்பட்டாணியில் கட்டிக் கிடக்கிற ஷெப்பர்டின் வம்சத்தையும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் அந்த நாயிடம் போய் நிற்கும்.

ஸ்டெஃபானிட்ஸ் அழகுக்காக நாய் வளர்ப்பதை வெறுத்தவர். உபயோகமும் அறிவும்தான் இந்த இனத்தின் அளவுகோல் என்பது அவர் கொள்கை. மேய்ச்சல் வேலை அருகி வருவதைப் பார்த்தவர், போலீசுக்கும் ராணுவத்துக்கும் இந்த நாய்களைக் கொண்டுபோய்க் காட்டினார். போரில் அவை செய்தி சுமந்தன, காயம்பட்டவர்களைத் தேடின. 1916ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில், போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியபோது அங்கே பயின்றவை ஷெப்பர்டுகள். 1918ல் பிரான்சின் போர்க்களத்தில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் கண்டெடுத்த குட்டி, ரின் டின் டின் என்ற பெயரில் ஹாலிவுட் நட்சத்திரமானது. அதன் பிறகு உலகம் முழுக்க இந்த நாய்க்கு வேலை தேட வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

குருடருக்கு வழி காட்டுவதும் குற்றவாளியைப் பிடிப்பதும் எப்படி ஒரே நாயால் முடிகிறது? மனிதன் எல்லை போட்டுக் கொடுத்தால், அவன் கத்தாமலே அதைத் தானாகக் காக்கிற குணம்தான் இரண்டுக்கும் அடிப்படை. ஆட்டு மந்தையில் வந்தது அது.

செம்பனைக் கன்றுகளுக்குப் பக்கத்தில்

கெடாவில் இந்த நாய் மேய்ப்பு வேலை செய்து நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. கூலிம் பக்கத்தில் ஒரு தோட்டம். அங்கே ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர். நாற்பது ஆடு இருக்கும். வளர்ந்த செம்பனை மரங்களுக்கு அடியில் மேய்ப்பார். அடுத்த கட்டில் மறுநடவு செய்த கன்றுகள். ஆடு மாடு வாய் வைத்தால் கன்று போச்சு. தோட்டத்தில் ஆடு மாடு வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தகராறு புதிதல்ல; நிர்வாகம் எச்சரிக்கும், தண்டம் கேட்கும், கடைசியில் ஆட்டையே விற்கச் சொல்லும்.

அவரிடம் ஒரு நாய் இருந்தது. பாதி அல்சேஷன், பாதி லயத்து நாய். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. பெரியவர் மர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க, நாய் இரண்டு கட்டுக்கும் இடையிலுள்ள வாய்க்காலின் ஓரமாகவே மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. ஜெர்மன் வயல் சாலைப் பற்றி நான் படித்ததெல்லாம் கண்முன்னால் நடந்தது.

"யார்ய்யா சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லித் தரல தம்பி. குட்டியா இருக்கறப்ப கூடவே கூட்டியாருவேன். கன்னுப் பக்கம் ஆடு போனா நான் சத்தம் போடுவேன். இது பாத்துக்கிட்டே கெடக்கும். கொஞ்ச நாள்ல நான் சத்தம் போடறதுக்கு முந்தியே இது போயி நிக்க ஆரம்பிச்சிருச்சு."

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு நாயை ஆட்டுப் பட்டியில் அவிழ்த்துவிட வேண்டாம். பழக்காத நாய் ஆட்டைப் பார்த்தால் வேட்டை புத்திதான் வரும். இரண்டு நாய் சேர்ந்தால் இன்னும் மோசம். மேய்ப்பது என்பதே வேட்டையைப் பாதியில் நிறுத்தக் கற்ற கலைதான். பார்ப்பது, தொடர்வது, வளைப்பது எல்லாம் இருக்கும், கொல்வது இருக்காது. அந்தப் பாதியை மேய்ப்பனும் பழக்கமும் சேர்ந்துதான் பிடித்து நிறுத்துகின்றன.

திரும்பி வரும்போது அந்தத் தோட்டத்து முனியாண்டி கோயிலைக் கடந்து வந்தேன். நம் எல்லைச்சாமிகளின் காலடியில் நாய்ச் சிலை வைக்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. பைரவருக்கு நாயே வாகனம். எல்லையையும் நாயையும் சேர்த்து நினைப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை என்று தோன்றியது.

வரிசை வீட்டில் என்ன நடக்கிறது

இப்போது தாமானுக்கு வருவோம். தபால்காரர் மோட்டாரில் வருகிறார். நாய் குரைக்கிறது. அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். நம் பார்வையில் அவர் வேலை முடிந்து போகிறார். நாயின் கணக்கில், அது குரைத்ததால் அவர் ஓடினார். தினம் தினம் வெற்றி. இப்படி ஆறு மாதம் போனால் கதவு திறந்திருக்கும் ஒரு நாளில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடும்போது ஷெப்பர்ட் குட்டி அவர்களின் குதிகாலைக் கவ்வப் போகும். முரட்டுத்தனம் என்று அடிக்கிறார்கள். சிதறி ஓடுகிற மந்தையைச் சேர்க்கப் பார்க்கிறது அது. அடிப்பதற்குப் பதில், பிள்ளைகளை ஓடாமல் நிற்கச் சொல்லி, குட்டியின் வாயில் ஒரு பொம்மையைக் கொடுத்தால் சில வாரங்களில் பழகிவிடும்.

பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். அந்தக் காலத்தில் பார்த்த மனிதர், சத்தம், வாகனம் எல்லாம் பிறகு அதற்கு இயல்பாகிவிடும். பார்க்காதது எல்லாம் பகையாகத் தெரியும். ‘ஆளைக் கண்டால் பாய வேண்டும்’ என்று குட்டியை யாருக்கும் காட்டாமல் வளர்க்கிறவர்கள் உண்டு. அப்படி வளர்ந்தது காவல் நாய் ஆகாது; பயந்த நாய் ஆகும். பயந்த நாய் யாரைக் கடிக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டுப் பிள்ளையையே கடிக்கலாம்.

கட்டிப்போட்டே வைப்பது அதைவிட மோசம். சுற்றித் திரியவென்றே உருவான உடலை ஆறடிச் சங்கிலியில் வைத்தால் அந்தச் சக்தி எங்கே போகும்? குரைப்பாக, தோண்டுவதாக, தன் காலையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்வதாக வெளியே வரும். ஆடு மேய்க்கக் கொடுக்க நம்மிடம் மந்தை இல்லை. ஆனால் வேலை கொடுக்கலாம். விடியற்காலையில் ஒரு நீண்ட நடை. சாப்பாட்டைத் தட்டில் போடாமல் வீட்டில் நாலு இடத்தில் ஒளித்து வைத்து மோப்பம் பிடித்துத் தேடச் சொல்வது. கதவு திறந்தாலும் சொல்லும்வரை தாண்டாமல் உட்காரப் பழக்குவது. கடைசியாகச் சொன்னது ஷெப்பர்டுக்கு மிகச் சுலபமாக வரும், காரணம் மேலேயே இருக்கிறது. பதினைந்து நிமிட மூளை வேலை ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சமம் என்று வளர்ப்பவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அப்படிச் செய்த வீட்டு நாய்கள் மத்தியானம் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

குட்டி வாங்குமுன்

வளர்ந்த ஆண் நாய் தோள்வரை 60 முதல் 65 சென்டிமீட்டர், எடை 30 முதல் 40 கிலோ. பெண் நாய் 55 முதல் 60 சென்டிமீட்டர், 22 முதல் 32 கிலோ. ‘ஜெயண்ட்’ என்று சொல்லி ஐம்பது, அறுபது கிலோ நாயின் குட்டியை அதிக விலைக்கு விற்க வருவார்கள். அளவு தாண்டிய உடல் மூட்டுக்குப் பாரம்.

இந்த இனத்தின் பலவீனமே இடுப்பு மூட்டுதான். தொடை எலும்பின் தலை, இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் வளரும் கோளாறு வம்சாவளியாக வருகிறது. ஐந்து ஆறு வயதிலேயே நாய் எழுந்திருக்கத் திணறும். ஜெர்மன் சங்கம் 1960களிலேயே இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, தேறிய நாய்களுக்கு முத்திரை கொடுக்கத் தொடங்கியது. நீங்களும் குட்டியின் தாய் தந்தையின் எக்ஸ்ரே முடிவைக் கேளுங்கள். பதிவுச் சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், மூட்டைச் சொல்லாது. ‘அப்பன் ஜெர்மனி இறக்குமதி’ என்பது பதில் ஆகாது. முதுகு பின்னோக்கிச் சரிந்து, பின்னங்கால்கள் தவழ்வதுபோல் நடக்கும் கண்காட்சி வம்சங்களும் உண்டு. 2016ல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் அப்படி நடந்த ஒரு ஷெப்பர்டுக்குப் பரிசு கொடுத்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. சாலில் நாள் முழுக்க ஓடப் பிறந்த இனம், மேடையில் நாலு அடி நடக்கத் தடுமாறுவதைப் பார்க்க ஸ்டெஃபானிட்ஸ் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

முடிந்தால் தாயை நேரில் பாருங்கள். அது உங்களைக் கண்டு ஒளிந்தாலோ வெறிகொண்டு பாய்ந்தாலோ குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டியும் வேண்டாம்.

நம் வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டு தொடக்கத்தில் கெடா காய்கிற காய்ச்சலில் மனிதனுக்கே நாக்கு வறளும். ஷெப்பர்டுக்கு மேல் முடி, உள் முடி என்று இரண்டு அடுக்கு. பாவம் என்று சிலர் மொட்டையடித்து விடுகிறார்கள். செய்யாதீர்கள். மேல் முடி வெயில் நேரே தோலில் படாமல் காக்கிறது. தினமும் சீவி உதிர்ந்த உள் முடியை எடுத்தாலே போதும். நடையை வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். தார்ச் சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வேகும். உண்ணிக் காய்ச்சல் நம் நாட்டில் சகஜம். அடர்ந்த முடிக்குள் உண்ணி ஒளிந்துகொள்ளும். காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடுங்கள். சாப்பிடாமல் சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எல்லை மாநிலத்தில் நாய்

கெடாவில் நாய் வைத்திருப்பவருக்கு மற்ற மாநிலத்தாரைவிட ஒரு பொறுப்பு கூடுதல். தாய்லாந்து எல்லையை ஒட்டி நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு ‘தடுப்பு வளையம்’ 1950களிலிருந்தே பராமரிக்கப்படுகிறது. கெடாவின் வடபகுதி அதற்குள் வருகிறது. அப்படியும் 2015ல் பெர்லிஸில் நோய் தலைகாட்டி, கெடாவுக்கும் பினாங்குக்கும் பரவியது. அப்போது தெருநாய்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதைப் பலர் மறந்திருக்க மாட்டோம். நாட்டில் பெரிய விவாதமே நடந்தது. ஆண்டுதோறும் ஒரு ஊசி, நகராண்மைக் கழகத்தின் லைசென்ஸ், கழுத்துப் பட்டையில் வில்லை. நாய் தப்பி ஓடினால் அதன் உயிரைக் காப்பது அந்த வில்லைதான்.

வரிசை வீடு என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். கெடாவில் அது பெரும்பாலும் மலாய்க் குடும்பமாக இருக்கும். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டியிருக்கிறது. தொழுகைக்குக் கிளம்பிய நேரத்தில் நம் நாய் போய் உரசினால் அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று நினைத்துப் பாருங்கள். வேலியில் இடைவெளி இல்லாமல் அடைப்பதும், நடைக்குக் கூட்டிப்போகும்போது வாரைக் குறுக்கிப் பிடிப்பதும், கழிவை அள்ளுவதும் நம் கடமை. நாய் வாங்குமுன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கியவர்களுக்குப் பிறகு புகார் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

தேவையில்லை என்றானபின் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டம் உடைந்து மலிவு விலை அடுக்குமாடிக்கு மாறிப்போனவர்கள் விட்டுப்போன லயத்து நாய்களே அங்கே போதுமான அளவு உண்டு. ஆறு மாதம் கார் நிறுத்துமிடத்தில் வளர்ந்த ஷெப்பர்டுக்கு அந்தக் கூட்டத்தில் சோறு தேடத் தெரியாது. விலங்கு நலச் சட்டம் 2015 நடைமுறைக்கு வந்தபின், விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

ஷெப்பர்ட் மேல் உண்மையிலேயே ஆசை இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. குட்டியையே தேடாதீர்கள். ‘யாராவது எடுத்துக்குறீங்களா’ என்று வரும் அந்தப் படங்களில் இரண்டு மூன்று வயது நாய்கள் நிறைய. காது நிமிர்ந்து முடிந்திருக்கும், மூட்டு எப்படி என்று எக்ஸ்ரே காட்டிவிடும், குணம் என்ன என்று ஒரு மாலை நேரத்தில் தெரிந்துவிடும். இரண்டு மூன்று முறை போய்ப் பாருங்கள். வீட்டில் உள்ள எல்லாரையும் கூட்டிப்போங்கள். முதல் நாள் உங்களிடம் ஓடி வராவிட்டால் மனம் தளர வேண்டாம். புதியவரை எட்ட நின்று அளப்பது இந்த இனத்தின் பழக்கம். மூன்றாம் முறை நீங்கள் கிளம்பும்போது கதவு வரைக்கும் கூடவே வந்து நிற்கிறதா என்று பாருங்கள்.